சீனியர் லோன் இடிஎஃப்: டி-பில்லுக்குப் பதிலாக வைக்கலாமா, எதை வைத்து எடைபோடுவது?

மாதவட்டி:

முதிர்வுக்கு வரும் டி-பில் (அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) பணத்தில் ஒரு பகுதியை இன்வெஸ்கோ சீனியர் லோன் இடிஎஃப்பில், அதாவது தரம் குறைந்த கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன்களை வாங்கி வைத்திருக்கும் பிகேஎல்என்னில் போடலாமா என்று பார்க்கிறேன். அமெரிக்கக் கணக்கு, டாலர் பணம்.

படித்தவரையில் சாதகமாகத் தெரிவது: வட்டி மிதக்கும் வட்டி, அதனால் டியூரேஷன் (வட்டி மாறினால் விலை எவ்வளவு அசையும் என்ற அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம். கடன்கள் சீனியர் (திருப்பி வாங்குவதில் முதல் உரிமை), ஈட்டுடன் கூடியவை. வட்டி மாதாமாதம் வருகிறது. எஸ்இசி யீல்டு (அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் சூத்திரப்படி ஃபண்ட் காட்டும் வருமான விகிதம்) டி-பில்லைவிட இரண்டரை, மூன்று சதவீதம் கூடுதல்.

இடிப்பது ஒன்றுதான். 2011 மார்ச்சில் இந்த ஃபண்ட் தொடங்கியபோது யூனிட் விலை 25 டாலர். 2025இல் 21 டாலரை ஒட்டி நிற்கிறது. டியூரேஷனே இல்லாத ஃபண்டில் விலை ஏன் இப்படி இறங்க வேண்டும்? செலவு விகிதம் 0.65% மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாதே? குறியீட்டைப் பின்தொடரும் இதைவிட, மேனேஜர் தேர்ந்தெடுத்து வாங்கும் எஸ்ஆர்எல்என் மாதிரி ஃபண்ட் மேலா?

---

கூட்டுவட்டி:

கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. 25 எப்படி 21 ஆனது என்பதைப் புரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் விளங்கிவிடும்.

செலவு விகிதம் விலையைக் குறைப்பதில்லை. அது வட்டி வருமானத்திலிருந்து எடுக்கப்படுகிறது, மீதிதான் உங்களுக்கு மாதாமாதம் வருகிறது. விலையைக் குறைப்பது கடன் நட்டம். ஃபண்ட் தனக்கு வந்த வட்டி முழுவதையும் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் போய், 100க்கு வாங்கிய கடன் 60க்குத் தீர்ந்தால், அந்த 40 நட்டம் யூனிட் விலையில்தான் விழும். அதை நிரப்ப எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை. நன்றாக இருக்கும் கடன் 100லிருந்து 130க்குப் போகாது. முகமதிப்புக்குச் சற்று மேலே போனாலே கம்பெனி அதைத் திருப்பி அடைத்துவிட்டு, குறைந்த வட்டிக்குப் புதுக் கடன் வாங்கிக்கொள்ளும். மேலே கூரை, கீழே பள்ளம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 ஆண்டுகளில் 25லிருந்து 21 என்றால் ஆண்டுக்குச் சுமார் 1.2% தேய்மானம். இப்போது கடன் பக்கத்திலிருந்து வாருங்கள். ஆண்டுக்கு 3% கடன்கள் டிஃபால்ட் ஆகின்றன (கட்டாமல் போகின்றன), அவற்றில் 60% திரும்பக் கிடைக்கிறது என்று வைத்தால் நட்டம் 3 × 0.4, அதாவது 1.2%. இரண்டும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது ஓரளவு தற்செயல்தான். டிஃபால்ட் ஆகாமலே விலை சரிந்து விற்கப்பட்ட கடன்கள், முகமதிப்புக்கு மேல் வாங்கி முகமதிப்புக்கே அடைபட்டவை, வாங்கி விற்கும் செலவு எல்லாம் அந்த 25க்கும் 21க்கும் இடையில் கலந்திருக்கின்றன. அளவு மட்டும் இதுதான். எஸ்ஆர்எல்என்னும் 2013 ஏப்ரலில் 50 டாலரில் தொடங்கி 41, 42 பக்கம் வந்திருக்கிறது. எனவே இது ஒரு ஃபண்டின் குறை இல்லை, சரக்கின் இயல்பு.

அதனால் எஸ்இசி யீல்டை வருமானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சூத்திரம் எல்லாக் கடனும் முழுசாகத் திரும்பி வரும் என்று வைத்துத்தான் கணக்கிடுகிறது. 85க்கு விற்கும் கடன்கூட முதிர்வில் 100 தரும் என்று எடுத்துக்கொள்ளும். ஆக, ஃபண்டில் நோஞ்சான் கடன்கள் கூடக் கூட எஸ்இசி யீல்டு உயரும். நல்ல செய்தி மாதிரி தெரியும், ஆனால் அது எச்சரிக்கை.

நான் போடும் கணக்கு இதுதான். சோஃபர் (டாலர் கடன்களுக்கான அடிப்படை வட்டி) 4%, கடன்களின் சராசரி ஸ்ப்ரெட் (அதற்கு மேல் கம்பெனி தரும் கூடுதல் வட்டி) 3.25% என்று வையுங்கள். மொத்தம் 7.25. செலவு 0.65 போனால் 6.60. இதுதான் கையில் வருவது. எதிர்பார்க்கும் கடன் நட்டம் 1.2 கழித்தால் 5.40. டி-பில் அதே 4.0. ஆக, விளம்பரத்தில் 2.6% கூடுதல், நிஜத்தில் 1.4% கூடுதல். அந்த 1.4க்காக எவ்வளவு சரிவைத் தாங்க வேண்டும் என்பதுதான் கேள்வி. 2008இல் இந்தக் கடன் சந்தையை அளக்கும் எல்எஸ்டிஏ லோன் குறியீடு 29% விழுந்தது. 2020 மார்ச் 23 அன்று குறியீட்டில் உள்ள கடன்களின் சராசரி விலை டாலருக்கு 76 சென்ட்டுக்கு இறங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்புவரை எல்லோரும் அதை "கேஷ் மாதிரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டி-பில்லுக்குப் பதிலாக என்றால் என் பதில் வேண்டாம். ஹை யீல்டு பாண்டுக்கு (தரம் குறைந்த கம்பெனிகளின் கடன் பத்திரம்) வைத்திருக்கும் பங்கில் ஒரு பகுதியை இதற்கு மாற்றுவது என்றால், யோசிக்கத் தகுந்தது.

---

சோஃபர்_கூட்டல்:

மேலே சொன்னதோடு, "மிதக்கும் வட்டி" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்க. ஃபேக்ட் ஷீட்ல இது தெரியாது.

ஒரு சராசரி டேர்ம் லோன் பி (இந்த ஃபண்டுகள் வாங்கற வகைக் கடன்) இப்படித்தான் இருக்கும்: 7 வருஷக் கடன். வருஷத்துக்கு அசலில் 1% மட்டும் அடைப்பாங்க, மிச்சம் கடைசியில் மொத்தமா. வட்டி, டேர்ம் சோஃபர் கூட்டல் ஒரு ஸ்ப்ரெட். (2023 ஜூன் வரைக்கும் சோஃபருக்குப் பதிலா லைபர்ங்கிற பழைய அடிப்படை வட்டி.) 99 அல்லது 99.5க்கு வெளியிடுவாங்க. முதல் 6 மாசத்துக்குள்ள வட்டியைக் குறைக்க மறுநிதி வாங்கினா 101 கொடுக்கணும். அதுக்கப்புறம் 100 கொடுத்து எப்ப வேணும்னாலும் அடைக்கலாம்.

இந்தக் கடைசி வரியை லேசா எடுத்துக்காதீங்க. சந்தை நல்லா இருக்கும்போது கம்பெனிகள் வரிசையா வந்து ஸ்ப்ரெட்டைக் குறைச்சுக்கேட்பாங்க. சோஃபர் கூட்டல் 3.50ல இருந்தது கூட்டல் 2.75 ஆகும். கடன் கொடுத்தவருக்கு ரெண்டே வழி: ஒத்துக்கணும், இல்லன்னா 100ஐ வாங்கிட்டுப் போகணும். 2024ல இது பெரிய அலையா வந்தது. ஃபெட் (அமெரிக்க மத்திய வங்கி) வட்டியைக் குறைச்சாத்தான் வருமானம் குறையும்னு நினைக்கிறவங்க, ஸ்ப்ரெட் பக்கமும் தேயும்ங்கிறதை விட்டுடறாங்க. ஃபண்டில் 100க்கு மேல விலை போகிற கடன்கள் எத்தனை சதவீதம்னு பாருங்க. பாதிக்கு மேல இருந்தா, அடுத்த சில மாசத்தில் ஸ்ப்ரெட் குறையும்னு வச்சுக்கலாம்.

அடுத்தது வட்டி மாறும் தேதி. ஒரு மாச சோஃபரா மூணு மாச சோஃபரான்னு தேர்ந்தெடுக்கிற உரிமை கடன் வாங்கின கம்பெனிக்கு. வட்டி இறங்கும்னு தெரிஞ்சா ஒரு மாசத்தை எடுப்பாங்க, ஏறும்னு தெரிஞ்சா மூணு மாசத்தை எடுப்பாங்க. ரெண்டுமே உங்களுக்கு எதிர்ப்பக்கம். அதனால ஃபெட் குறைச்சா ஒண்ணு ரெண்டு மாசத்திலேயே டிவிடெண்டில் தெரியும், கூட்டினா கொஞ்சம் தாமதமாத் தெரியும்.

ஃப்ளோர்னு ஒண்ணு இருக்கு. சோஃபர் எவ்வளவு இறங்கினாலும் 0.5% அல்லது 0.75% இருக்கிறதா வச்சு வட்டி கொடுக்கணும்ங்கிற விதி. 2020, 2021ல வட்டி பூஜ்யத்தில் இருந்தப்ப இது காப்பாத்துச்சு. ஆனா அதோட மறுபக்கம் 2022 ஆரம்பத்தில் தெரிஞ்சுது: ஃபெட் முதல் கால் சதவீதம் ஏத்தினப்ப, ஃப்ளோர் 0.75ல இருந்த கடன்ல வருமானம் ஒரு பைசா ஏறலை. ஃப்ளோரைத் தாண்டற வரைக்கும் அது நிலையான வட்டிக் கடன்தான்.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. வட்டி ஏறினா உங்களுக்கு லாபம்ங்கிறாங்க. அந்தக் கூடுதல் வட்டியை யார் கட்டறாங்க? ஒரு கம்பெனியை எடுத்துக்கலாம். எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கிறதுக்கு முந்தைய லாபம்) 100, கடன் 600. சோஃபர் ஃப்ளோரில் 0.75, ஸ்ப்ரெட் 4. வட்டிச் செலவு 28.5. எபிட்டா வட்டியைப் போல மூணரை மடங்கு. இப்ப சோஃபர் 5.3 ஆகுது. வட்டி 9.3%, செலவு 55.8. மூணரை மடங்கு 1.8 மடங்கா ஆயிடுச்சு. இயந்திரங்களுக்கு 25, வரிக்கு 10 போனா முன்னாடி 36.5 மிஞ்சினது, இப்ப 9.2. வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் குறையலை, ஆனா ஒரு கெட்ட காலாண்டு வந்தா கதை முடிஞ்சுது. ஃபெட் 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள்ள பூஜ்யத்திலிருந்து 5.25–5.50க்குக் கொண்டுபோனப்ப நடந்தது இதுதான். வட்டி அபாயத்தை நீங்க ஒழிக்கலை, கம்பெனி தலைமேல ஏத்தி வச்சிருக்கீங்க. அது கடன் அபாயமா உங்ககிட்டயே திரும்பி வரும்.

---

ஈட்டுரிமை:

"சீனியர், ஈட்டுடன் கூடியது" என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சீனியர் என்பது வரிசையில் எத்தனையாவது இடம் என்பதைச் சொல்கிறது. பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. பழைய காலத்தில் ஒரு கம்பெனிக்கு 100 கடன் என்றால் 50 சீனியர் லோன், 50 அதற்குக் கீழே பாண்டு என்று இருக்கும். கம்பெனி 60க்கு விலைபோனால்கூட லோன்காரர் முழுசாக வாங்கிக்கொண்டு போவார், அடி பாண்டுக்காரருக்கு. இப்போது பல கம்பெனிகளில் கடன் மொத்தமும் சீனியர் லோன்தான். கீழே மெத்தை இல்லை. அதே கம்பெனி 60க்கு விலைபோனால் லோன்காரருக்கு 60தான். பத்திரத்தில் "முதல் உரிமை" என்று எழுதியிருப்பது மாறவில்லை, கிடைக்கும் பணம் மாறிவிட்டது. அதனால்தான் முந்தைய பல பத்தாண்டுகளின் 70, 80 சதவீத மீட்பு விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுவது தவறு. கூட்டுவட்டி 60 எடுத்திருக்கிறார். நான் 50, 55 வைத்தும் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன்.

அடுத்தது நிபந்தனைகள். சந்தையில் உள்ள கடன்களில் சுமார் 90% கவனன்ட்-லைட். காலாண்டுக்கு ஒருமுறை கடன் விகிதத்தைச் சோதிக்கும் விதி இவற்றில் கிடையாது. அந்த விதி இருந்த காலத்தில் கம்பெனி தடுமாற ஆரம்பித்த உடனே கடன் கொடுத்தவர்கள் மேசைக்குக் கூப்பிடுவார்கள். இப்போது வட்டி கட்டப் பணம் தீரும்வரை கூப்பிட வழியில்லை. டிஃபால்ட் எண்ணிக்கை கொஞ்ச நாள் குறைவாகத் தெரியும். வரும்போது மிச்சமிருப்பதும் குறைவாக இருக்கும்.

ஈடே கைமாறிப் போவதும் உண்டு. 2016 இறுதியில் ஜே.குரூ நிறுவனம் தன் வணிகமுத்திரை உரிமையின் ஒரு பகுதியை, லோன்காரர்களின் பிடிக்கு வெளியே உள்ள துணை நிறுவனத்துக்கு மாற்றியது. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. 2020இல் செர்ட்டா மெத்தை நிறுவனத்தில் பெரும்பான்மைக் கடன்தாரர்கள் கம்பெனியோடு சேர்ந்து தங்கள் கடனை வரிசையின் முன்னால் நகர்த்திக்கொண்டார்கள். ஒரே வரிசையில் நின்ற சிறுபான்மையினர் பின்னால் தள்ளப்பட்டார்கள். 2024 டிசம்பர் 31 அன்று ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பரிமாற்றம் ஒப்பந்தம் அனுமதிக்கும் திறந்த சந்தைக் கொள்முதல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் நாலரை ஆண்டு ஓடிவிட்டது. தவிர, ஒவ்வொரு ஒப்பந்தத்தின் வாசகமும் வேறு.

சட்டப் பக்கம் இன்னொரு செய்தி. 2023 ஆகஸ்டில் இரண்டாம் சர்க்யூட், கிர்ஷ்னர் வழக்கில், அதில் பேசப்பட்ட, சிண்டிகேட் செய்யப்பட்ட (பல முதலீட்டாளர்களுக்குப் பிரித்து விற்கப்பட்ட) கடன் "செக்யூரிட்டி", அதாவது பங்குச்சந்தைச் சட்டத்துக்குள் வரும் பத்திரம், ஆகாது என்றது. உச்ச நீதிமன்றம் 2024இல் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. கடனை விற்கும்போது தவறான தகவல் தரப்பட்டிருந்தால், பாண்டுக்காரருக்கு இருக்கும் பங்குச்சந்தைச் சட்டப் பாதுகாப்பு இங்கே இல்லை என்று பொருள். நீங்கள் வாங்கும் இடிஎஃப் யூனிட் செக்யூரிட்டிதான், அதற்குப் பாதுகாப்பு உண்டு. உள்ளே இருக்கும் கடனுக்குத்தான் இல்லை.

---

எதிர்வாதம்:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். மறுபக்கத்தையும் வைக்க வேண்டும்.

எல்எஸ்டிஏ குறியீடு 1997இல் தொடங்கியது. 2024 வரை முழு ஆண்டு நட்டம் மூன்றே மூன்று: 2008, 2015, 2022. இதில் 2015, 2022 இரண்டும் 1 சதவீதத்துக்கும் குறைந்த நட்டம். 2008இல் 29% விழுந்தது, 2009இல் 51% ஏறி முழுசாக மீண்டது. 2022இல் அமெரிக்க அக்ரிகேட் பாண்டு குறியீடு 13% விழுந்தபோது இது அசையவே இல்லை என்று சொல்லலாம். அடுத்த ஆண்டு 13% கொடுத்தது. பாதுகாப்பானது என்று எல்லோரும் நம்பிய நீண்டகால பாண்டு வைத்திருந்தவர்களுக்கு 2022 என்ன செய்தது என்பதையும் பாருங்கள்.

25 எப்படி 21 ஆனது என்பதை மட்டும் பார்ப்பதும் சரியில்லை. அந்த 14 ஆண்டுகள் மாதாமாதம் வந்த வட்டியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வட்டியும் சேர்ந்த மொத்த வருமானம் லாபம்தான். வரும் வட்டியிலிருந்து, முதலீட்டில் ஆண்டுக்கு ஒன்றேகால் சதவீதத்துக்கு ஈடான தொகையைச் செலவழிக்காமல் திரும்ப அதே ஃபண்டில் போட்டால் அசல் தேயாது.

---

கூட்டுவட்டி:

எண்கள் சரி. மறுமுதலீடு பற்றிச் சொன்னதும் சரி, வட்டியை எடுத்துச் செலவு செய்பவர்கள் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

என் மறுப்பு ஒன்றே. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 2020 ஒரு நல்ல ஆண்டு, குறியீடு 3% லாபம். ஆனால் கேஷுக்கு மாற்றாக வைத்த பணம் பொதுவாக மார்ச்சில்தான் தேவைப்படும், டிசம்பரில் இல்லை. பங்குகளும் இதுவும் ஒரே வாரத்தில் விழுகின்றன. நீங்கள் சொல்வது மூன்று, நான்கு ஆண்டு தொடமாட்டேன் என்பவருக்குப் பொருந்தும். கேள்வி கேட்டவர் டி-பில் பணத்தைப் பற்றிக் கேட்கிறார்.

---

மாதவட்டி:

டி-பில்லுக்குப் பதிலாக வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஹை யீல்டு பங்கில் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். உள்ளே இருக்கும் கடன் விற்றுத் தீர நாள் பிடிக்கும் என்கிறார்கள், இடிஎஃப் மட்டும் நொடியில் எப்படி விற்கிறது? எஸ்ஆர்எல்என்னா பிகேஎல்என்னா என்பதற்கும் பதில் வரவில்லை. வரி விஷயத்தில் கவனிக்க ஏதாவது உண்டா?

---

சோஃபர்_கூட்டல்:

நீங்க யூனிட்டை விற்கும்போது ஃபண்ட் கடனை விற்கிறதில்லை. சந்தையில் இன்னொருத்தர் உங்க யூனிட்டை வாங்கிக்கிறார், அவ்வளவுதான். விற்பவர் கூட்டம் அதிகமானாத்தான் பெரிய தரகு நிறுவனங்கள் யூனிட்களை மொத்தமா ஃபண்ட்கிட்டத் திருப்பிக் கொடுக்கும். அப்பத்தான் சிக்கல். 2024 மே 28லிருந்து யூனிட் வியாபாரம் ஒரே வேலை நாளில் தீரணும். லோன் வியாபாரத்துக்கு வழக்கமான கெடு 7 வேலை நாள், நடைமுறையில் அதையும் தாண்டும். ஒவ்வொரு கடனும் கையெழுத்து, கம்பெனியின் சம்மதம், ஏஜென்ட் வங்கியின் பதிவுன்னு கைமாறணும்.

இந்த இடைவெளியை நிரப்ப ஃபண்ட் மூணு விஷயம் வச்சிருக்கும்: கொஞ்சம் கேஷ், சீக்கிரம் விற்கக்கூடிய பாண்டுகள், வங்கியிடம் அவசரக் கடன் வசதி. அதனாலதான் லோன் ஃபண்ட்னு வாங்கினாலும் உள்ளே 100% லோன் இருக்காது. கேஷும் பாண்டும் எவ்வளவுன்னு ஹோல்டிங்ஸ் பட்டியலில் கூட்டிப் பாருங்க. ரொம்பக் குறைவா இருந்தா நெருக்கடியில் நல்ல கடனை முதலில் விற்க வேண்டி வரும், ரொம்ப அதிகமா இருந்தா நீங்க கட்டணம் கொடுக்கிறது லோனுக்கு இல்ல.

2020 மார்ச்சில் லோன் இடிஎஃப்கள் என்ஏவியைவிட (ஒரு யூனிட்டுக்கு உள்ளே இருக்கிற சொத்தோட மதிப்பு) சில சதவீதம் கீழே வியாபாரமாச்சு. அதைப் பார்த்து "இடிஎஃப் உடைஞ்சுது"ன்னாங்க. உண்மையில் யூனிட் விலைதான் நிஜ விலை. என்ஏவி, டீலர்கள் கொடுக்கிற மதிப்பீட்டு விலை, ஓடற சந்தையில் அது பின்தங்கும். ஆனா அன்னிக்கு விற்றவங்களுக்கு அந்தத் தள்ளுபடி நிஜ நட்டம்.

2018 டிசம்பரையும் பாருங்க. டிஃபால்ட் கூடலை, ஃபெட் வட்டி ஏத்திக்கிட்டிருந்தது. ஆனாலும் குறியீடு அந்த ஒரே மாசத்தில் 2.5% விழுந்தது. வட்டி ஏற்றம் முடியப்போகுதுன்னு சிறு முதலீட்டாளர்கள் ஃபண்டுகளிலிருந்து பணத்தை எடுத்தாங்க, அவ்வளவுதான்.

வாங்கும்போது லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல வாங்காதேன்னு சொல்ற ஆர்டர்) போடுங்க. சந்தை திறந்த முதல் அரைமணி நேரம் வேண்டாம். அன்னிக்கு டிவிடெண்ட் கழியும் தேதியா இல்லையான்னு பார்த்துக்கோங்க. இல்லன்னா 12, 13 சென்ட் இறங்கினதைப் பார்த்து வீணாப் பதறுவீங்க.

---

ஈட்டுரிமை:

எஸ்ஆர்எல்என், பிகேஎல்என் கேள்விக்கு.

பிகேஎல்என் பின்தொடர்வது சந்தையின் மிகப் பெரிய 100 கடன்களின் குறியீடு. அதாவது யார் அதிகம் கடன் வாங்கினார்களோ அவர்களுக்கே அதிக எடை. பங்குக் குறியீட்டில் பெரிய கம்பெனி என்றால் ஜெயித்த கம்பெனி. கடன் குறியீட்டில் பெரியது என்றால் பெரிய கடனாளி. ஆனால் பெரிய கடன்கள் எளிதில் விற்கும், அவற்றில் பிபி ரேட்டிங் (இதற்குக் கீழே பி, பி மைனஸ், அதற்கும் கீழே சிசிசி) உள்ளவை சற்றுக் கூடுதல். எனவே ஸ்ப்ரெட் குறைவு, தரம் கொஞ்சம் மேல். எளிதில் விற்கும் என்பதாலேயே பீதி நேரத்தில் முதலில் விற்கப்படுவதும் இவைதான்.

எஸ்ஆர்எல்என்னுக்குச் செலவு 0.70%, வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை. மேனேஜர் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இருக்கும் சந்தை இது, ஏனென்றால் ஜெயிப்பது என்பதே தோற்கும் கடனைத் தவிர்ப்பதுதான். புதுக் கடனை 99, 99.5க்கு வாங்கலாம், ஒப்பந்தத்தைப் படித்து ஓட்டை உள்ளதை ஒதுக்கலாம். ஆனால் அதே சுதந்திரத்தில் யீல்டைக் கூட்டிக் காட்ட பி மைனஸ் கடன்களை நிரப்பவும் முடியும். யூனிட் விலை 50லிருந்து 41, 42க்கு வந்ததைப் பார்த்தால், மேனேஜர் இருப்பதாலேயே தேய்மானம் நின்றுவிடவில்லை. ஃபிராங்க்ளினின் எஃப்எல்பிஎல் 0.45%க்குக் கிடைக்கிறது. அதுவும் மேனேஜர் நடத்துவதுதான். 5.40 வருமானத்தில் 0.20 சேமிப்பு சின்ன விஷயம் இல்லை.

ஒப்பிடும்போது யீல்டை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்: சிசிசியும் அதற்குக் கீழும் எத்தனை சதவீதம். 80க்குக் கீழே விலைபோகும் கடன்கள் எத்தனை. இரண்டாம் உரிமைக் கடன் உண்டா. பி மைனஸ் எவ்வளவு. கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சந்தையின் கடன்களில் பாதிக்கு மேல் வைத்திருப்பவை சிஎல்ஓக்கள் (இத்தகைய கடன்களை வாங்கி, அடுக்குகளாகப் பிரித்து முதலீட்டாளர்களுக்கு விற்கும் அமைப்புகள்), அவற்றுக்குப் பொதுவாக சிசிசி 7.5% வரைதான் அனுமதி, தாண்டினால் தண்டனை. எனவே பி மைனஸ் கடன் ஒரு படி இறங்கினால் எல்லா சிஎல்ஓவும் ஒரே நேரத்தில் விற்கப் பார்க்கும். டிஃபால்ட் ஆகாமலே 10 பாயின்ட் விலை போய்விடும்.

---

கூட்டுவட்டி:

வரி. சாதாரணக் கணக்கில் வாங்குவதானால் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

லோன் ஃபண்ட் தருவது பெயருக்கு டிவிடெண்ட், உள்ளே வட்டி. குவாலிஃபைடு டிவிடெண்ட் சலுகை கிடையாது, சாதாரண வருமான வரி. டி-பில் வட்டிக்கு மாநில வருமான வரி இல்லை, இதற்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், கையில் வரும் 6.60 முழுவதற்கும் வரி கட்டுகிறீர்கள், ஆனால் 1.2 கடன் நட்டம் யூனிட் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. யூனிட்டை விற்கும் ஆண்டில்தான் அது மூலதன நட்டமாகக் கணக்கில் வரும். ஈடுகட்ட மூலதன லாபம் இல்லை என்றால் ஆண்டுக்கு 3,000 டாலர்தான் மற்ற வருமானத்திலிருந்து கழிக்க முடியும்.

மத்திய வரி 24%, மாநில வரி 6% என்று வையுங்கள். 6.60இல் 30% போனால் 4.62. கடன் நட்டம் 1.2 போனால் 3.42. டி-பில் 4.0இல் 24% போனால் 3.04. முன்பு 1.4 என்று சொன்ன கூடுதல் வருமானம் இப்போது 0.38. அதற்காக 2020 மார்ச் மாதிரி ஒரு மாதத்தைத் தாங்க வேண்டும். மாநில வரி இல்லாத இடத்தில் இருந்தால் 0.78. ஐஆர்ஏ, 401(கே) போன்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் இருந்தால் 1.4 முழுசாக நிற்கும். எனவே வாங்கினால் அங்கே வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்பது என் கருத்து.

---

மாதவட்டி:

ஐஆர்ஏவில்தான் வாங்குவேன். கடைசியாக ஒன்று: இதே கடன்களை அடியில் வைத்திருக்கும் டிரிபிள் ஏ சிஎல்ஓ இடிஎஃப், உதாரணமாக ஜேஏஏஏ, இதைவிட நல்லதா?

---

ஈட்டுரிமை:

அது வேறு சரக்கு. ஒரு சிஎல்ஓ இதே மாதிரி கடன்களை வாங்கி, வரும் பணத்தை அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. டிரிபிள் ஏ அடுக்கு மேலே, முதல் பணம் அதற்கு. நட்டம் அடியிலிருந்து ஏறி வர வேண்டும், டிரிபிள் ஏவுக்குக் கீழே பொதுவாக 35% அளவுக்கு மெத்தை. அந்த அடுக்கு இதுவரை டிஃபால்ட் ஆனதில்லை. வருமானம் குறைவு: சோஃபருக்கு மேல் ஒரு சதவீதம், ஒன்றேகால் சதவீதம் என்று இருக்கும், செலவு 0.20%.

பிகேஎல்என் மாதிரி கடன் நட்டம் கழிக்க வேண்டியதில்லை என்பதால், கூட்டுவட்டி போட்ட அதே முறையில் போட்டால் கையில் நிற்பது பெரிதாக வித்தியாசப்படாது: 4.0 கூட்டல் 1.2 கழித்தல் 0.2, அதாவது 5.0. லோன் ஃபண்டில் 5.40. மீட்பு 60க்குப் பதிலாக 50 என்று வைத்தால் லோன் ஃபண்ட் 5.10க்கு இறங்கிவிடும், இது 5.0லேயே நிற்கும். மீட்பு அதே 50 ஆக இருந்து டிஃபால்ட்டும் 4% ஆனால் லோன் ஃபண்ட் 4.60.

ஆனால் விலை அசையாது என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் டிரிபிள் ஏ சிஎல்ஓக்களும் இறங்கின, விற்றாக வேண்டியவர்கள் தள்ளுபடிக்கு விற்றார்கள். ஜேஏஏஏ தொடங்கியது 2020 அக்டோபரில், எனவே அதன் விலை வரைபடத்தில் அந்த மாதம் இல்லை. வரைபடம் நேர்கோடாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.